கேப் ரிவால்வர் தோட்டா ரிவால்வரானது எப்படி: 1870களின் மாற்றுத் துப்பாக்கியைப் பரிசோதிக்கும் முறை

1850களிலும் 1860களிலும் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட ரிவால்வர்களுக்கு உலோகத் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கறுப்பு வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள இடிகோலால் அழுத்தி, பின்பக்கத்தில் துருத்தி நிற்கும் நிப்பிள் என்ற சிறு முளையின் தலையில், சுத்தியல் தட்டியதும் வெடித்துத் தீ மூட்டும் செப்புக் கேப்பைச் செருகிய பிறகே அவை சுடத் தயாராகும். உலோகத் தோட்டா பரவத் தொடங்கியபோது இந்தத் துப்பாக்கிகளைத் தூக்கி எறிய எவரும் விரும்பவில்லை. தொழிற்சாலைகளும் ஊர்ப்புறத் துப்பாக்கிக் கொல்லர்களும் அவற்றை வெட்டி, துளைத்து, புதிய உறுப்புகளைப் பொருத்தித் தோட்டாவுக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றப்பட்ட ஒன்று மரபுச் சொத்தாகவோ, ஏலத்திலோ, அருங்காட்சியகக் கிடங்கிலோ உங்கள் கைக்கு வந்தால், அது யார் செய்த வேலை, எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது, உண்மையானதா, பின்னாளில் ஒப்பேற்றப்பட்டதா என்பதைக் கண்டறியும் வழிமுறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது

துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்காமல் வேறெதையும் பார்க்கக் கூடாது. நூற்றைம்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது என்பதால் அது வெறுமையாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் ஈரம் படாத கறுப்பு வெடிமருந்து காலத்தால் செயலிழப்பதில்லை. குண்டு அடைத்த நிலையிலேயே பரணில் போட்டு மறக்கப்பட்ட துப்பாக்கிகள் இன்றும் வெளிவருகின்றன. குழல் முனையை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாவுக்கு மாற்றிய துப்பாக்கியானால் சுத்தியலைப் பாதி நிலைக்கு இழுத்து, தோட்டா இடுவதற்கான வலப்பக்கக் கதவைத் திறந்து, சிலிண்டரைக் கையால் சுற்றி ஒவ்வோர் அறையையும் கண்ணால் காணுங்கள். பக்கக் கதவு இல்லாதவையும் உண்டு; கேப் நிலையிலேயே உள்ளவையும் உண்டு. அவற்றில் சிலிண்டரின் முன்பக்கத்தை விளக்கொளியில் பார்த்து, ஒரு மெல்லிய மரக்குச்சியால் அறைகளின் ஆழத்தை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட ஆழம் குறைந்திருந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று பொருள். அதை நீங்களே தோண்டி எடுக்க முயலாமல், பழைய துப்பாக்கிகளில் பயிற்சி உள்ள உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் சுத்தியலை முழுதும் இழுத்து வெறுமனே விடக் கூடாது. மாற்றுத் துப்பாக்கிகளில் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் அடி ஊசிகள் மெலிந்தவை. அவற்றில் பல அசல் ஊசிகள். ஒருமுறை உடைந்தால் அதே காலத்து ஊசி ஒன்று கிடைப்பது அரிது.

ஒரு காப்புரிமை விட்டுச்சென்ற தடயங்கள்

மாற்றுத் துப்பாக்கிகள் ஏன் இத்தனை வடிவங்களில் இருக்கின்றன என்பது ஒரு காப்புரிமையை அறிந்தால்தான் விளங்கும். சிலிண்டரின் அறைகளை முன்னிருந்து பின்வரை முழுதும் துளைத்து, பின்பக்கமாகத் தோட்டா இடும் அமைப்புக்கு ரோலின் வைட் என்பவர் 1855 ஏப்ரல் 3 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே ஸ்மித் அண்டு வெசன் நிறுவனம் துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் தருவதாக ஒப்பந்தம் செய்து அந்த உரிமையைத் தன்வசப்படுத்திக்கொண்டது. 1857இல் தன் முதல் தோட்டா ரிவால்வரை வெளியிட்டது. ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி இருந்தது: காப்புரிமையை மீறுவோர்மீது வழக்குத் தொடுக்கும் பொறுப்பும் செலவும் வைட்டையே சேர்ந்தவை. வாங்கிய பணத்தில் பெரும்பங்கை அவர் வழக்குகளிலேயே கரைத்தார். காப்புரிமைக் காலத்தை நீட்டித்துப் பெற அவர் செய்த முயற்சி நாடாளுமன்றத்தைக் கடந்தும், 1870 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கிராண்டின் மறுப்பாணையால் வீழ்ந்தது.

காப்புரிமை 1869 ஏப்ரலில் காலாவதியாகும் வரை கோல்ட் நிறுவனத்தால் பின்பக்கம் தோட்டா இடும் ரிவால்வரைச் சட்டப்படி செய்ய முடியவில்லை. ஆகவே ஒரு மாற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது அந்தக் காப்புரிமையைச் சுற்றிக்கொண்டு போன வேலையா, அதற்குப் பணம் கட்டிச் செய்த வேலையா, அது முடிந்த பின் வந்த வேலையா என்பதுதான். இந்த மூன்றில் எது என்பதைப் பெரும்பாலும் சிலிண்டருக்கும் சுத்தியலுக்கும் இடைப்பட்ட ஓர் அங்குலத்துக்குள்ளேயே படித்துவிடலாம்.

சுற்றிக்கொண்டு போன வேலை என்பது தூயரின் மாற்று. கோல்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த அலெக்ஸாண்டர் தூயர் 1868 செப்டம்பர் 15 அன்று பெற்ற காப்புரிமையின்படி, பின்நோக்கிச் சற்றே குறுகும் விளிம்பில்லாத தோட்டாவை அறையின் முன்பக்கமாகவே நுழைத்து, பழைய இடிகோலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். சிலிண்டருக்குப் பின்னால் ஒரு வளையம் இருக்கும். அதைச் சற்றுத் திருப்பினால் சுத்தியலின் அடியைத் தாங்கி, சுட்ட வெற்றுக் குப்பியை முன்பக்கமாக உதைத்து வெளியேற்றும். வளையத்தில் அந்தக் காப்புரிமைத் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். இடிகோல் அப்படியே இருக்கிறது, பக்கக் கதவு இல்லை, ஆனால் நிப்பிள்களும் இல்லை என்றால் தூயர் வகையாக இருக்கலாம் என்று ஐயுறலாம். கேப் சிலிண்டர் ஒன்றையும் கூடவே வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் விற்பனை வாதம். சந்தையில் அது எடுபடவில்லை. குறைவாகவே விற்றது என்பதால்தான் இன்று விலை அதிகம். விலை அதிகம் என்பதால்தான் போலி வளையங்களும் உலவுகின்றன.

பணம் கட்டிச் செய்த வேலை ரெமிங்டன் நிறுவனத்துடையது. 1868இல் ஸ்மித் அண்டு வெசனின் இசைவோடு, சின்சினாட்டி நகரத்து வணிகரான கிட்ரெட்ஜுக்காக, ரெமிங்டனின் நியூ மாடல் ஆர்மி ரிவால்வர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை .46 ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்தால் வெடிக்கும்) தோட்டாவுக்கு மாற்றப்பட்டன. ஆறு அறைகள் இருந்த இடத்தில் ஐந்தே அறைகள் கொண்ட புதிய சிலிண்டர் பொருத்தப்பட்டது. தோட்டாவின் விளிம்பு குண்டைவிட அகலமானது என்பதால், அதே சுற்றளவில் ஆறு விளிம்புகளை அடுக்கினால் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம். இவற்றில் வெற்றுக் குப்பியை வெளித்தள்ளும் கம்பி கிடையாது. சிலிண்டரைக் கழற்றித்தான் தோட்டா மாற்ற வேண்டும். ரெமிங்டனின் சட்டகத்துக்கு, சிலிண்டரின் மேலாகச் செல்லும் மேல்பட்டை உண்டு. நடு அச்சை முன்னே இழுத்தால் சிலிண்டர் பக்கவாட்டில் கையோடு வந்துவிடும். அந்த வசதி இருந்ததால் வெளித்தள்ளி இல்லாத குறை பெரிதாகத் தெரியவில்லை. சிலிண்டரில் வைட்டின் 1855 காப்புரிமைத் தேதி பொறிக்கப்பட்டிருப்பது நல்ல சான்று.

கோல்டின் ரிச்சர்ட்ஸ் மாற்றும் ரிச்சர்ட்ஸ்–மேசன் மாற்றும்

காப்புரிமை முடிந்த பின் வந்தவற்றுள் நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது கோல்டின் 1860 ஆர்மி மாதிரியிலிருந்து எழுந்த இரண்டு வகைகளை. சார்லஸ் ரிச்சர்ட்ஸ் 1871 ஜூலை 25 அன்று தன் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பழைய சிலிண்டரின் பின்பகுதியை, அதாவது நிப்பிள்கள் அமர்ந்திருந்த பகுதியை, வெட்டி நீக்கிவிட்டு, அந்த இடைவெளியை அடைக்கும் தடித்த எஃகு வளையம் ஒன்று சட்டகத்தின் பின்தடுப்போடு பொருத்தப்பட்டது. இந்த வளையம் சுழலாது. சிலிண்டரைச் சுற்றும் பற்கள் மட்டும் அதன் நடுத்துளை வழியே நுழைந்து பின்னால் உள்ள நெம்புகோலோடு இணைகின்றன. வலப்பக்கத்தில் கதவு, குழலின் வலப்புறம் இடிகோலுக்குப் பதிலாக வெளித்தள்ளும் கம்பியும் அதன் உறையும்.

இவ்விரு வகைகளைப் பிரித்தறியப் பலர் குழலை முதலில் பார்க்கிறார்கள். நான் வளையத்தின் மேல்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். முதல் வகை ரிச்சர்ட்ஸில் அடி ஊசி வளையத்துக்குள்ளேயே வில்லோடு அமர்ந்திருக்கும். சுத்தியலின் முகம் அந்த ஊசியைத் தட்டுவதோடு சரி. குறிபார்க்கும் பின் வெட்டும் வளையத்தின் மேலேயே இருக்கும். வில்லியம் மேசனின் மேம்பாட்டில் இந்த இரண்டும் இடம் மாறின: ஊசி சுத்தியலின் மூக்கிலேயே பொருத்தப்பட்டு, அது நேரே தோட்டாவை அடிப்பதற்காக வளையத்தின் மேல்பகுதி வெட்டித் திறக்கப்பட்டது, குறிபார்க்கும் வெட்டு, கேப் காலத்தில் இருந்ததுபோல, சுத்தியலின் தலைக்கே திரும்பியது.

அதன் பிறகு குழலைப் பாருங்கள். ரிச்சர்ட்ஸில் கேப் காலத்துக் குழலே பயன்பட்டது. குழலின் அடிப்பகுதியில் இடிகோல் ஓடிய பள்ளமும், குண்டு இடுவதற்காக வலப்பக்கம் குடையப்பட்டிருந்த வளைவும் இன்னமும் தெரியும். ரிச்சர்ட்ஸ்–மேசனில் குழல் புதிதாகவே தோட்டாவுக்கென்று செய்யப்பட்டது. அடிப்பகுதி இடிகோலின் நினைவே இல்லாமல் நெளிந்த வளைவாக இறங்கும். பழைய குழலும் மேசன் பாணி வளையமும் சேர்ந்து வந்தால் திகைக்க வேண்டாம். இருந்த உறுப்புகளைத் தீர்க்கும் நோக்கில் தொழிற்சாலையே அப்படிச் சிலவற்றைச் செய்தது. ரிச்சர்ட்ஸ் வகை ஏறத்தாழ 9,000மும், 1860 ஆர்மியில் ரிச்சர்ட்ஸ்–மேசன் ஏறத்தாழ 2,100மும் செய்யப்பட்டதாகச் சேகரிப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். இரண்டும் .44 கோல்ட் சென்டர்ஃபயர் (நடுவில் அடித்தால் வெடிக்கும்) தோட்டாவுக்கானவை. 1851 நேவி, 1861 நேவி மாதிரிகளும் சிறிய பாக்கெட் மாதிரிகளும் .38 தோட்டாவுக்கு மாற்றப்பட்டன. அவற்றில் ரிம்ஃபயரும் உண்டு, சென்டர்ஃபயரும் உண்டு. ஊசி தோட்டாவின் விளிம்பில் விழுகிறதா, நடுவில் விழுகிறதா என்பதை வளையத்தின் துளையைக் கொண்டே சொல்லிவிடலாம்.

1871–72 ஆண்டுகளின் ஓப்பன் டாப் மாதிரியை மாற்றுத் துப்பாக்கி என்று விற்பனைப் பட்டியல்களில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. தோற்றம் ரிச்சர்ட்ஸ்–மேசனைப் போலவே இருந்தாலும், அது தொடக்கம் முதலே .44 ஹென்றி ரிம்ஃபயர் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. அதன் சட்டகத்தில் தனியே பொருத்திய மாற்று வளையம் இருக்காது.

எண்களைப் படிப்பது

1860 ஆர்மியைத் தலைகீழாகப் பிடித்தால், குழலின் அடிப்பகுதி, சட்டகம், விசைக் காப்பு, கைப்பிடியின் அடிப்பட்டை ஆகிய நான்கிலும் வரிசையாகத் தொடரெண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நான்கும் ஒன்றாக இருந்தால் அந்தத் துப்பாக்கி பிரிந்து கலக்கவில்லை என்று கொள்ளலாம். சிலிண்டர், குழலைப் பிடித்திருக்கும் ஆப்பு போன்ற சிறு உறுப்புகளிலும் முழு எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ இருக்கும். எழுத்துகளின் உருவையும் ஆழத்தையும் உருப்பெருக்கியில் ஒப்பிடுங்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே காலம் என்றால் '3', '5' போன்ற இலக்கங்களின் வளைவு எங்கும் ஒன்றுபோல் அமைய வேண்டும்.

ராணுவத்திடம் இருந்த 1860 ஆர்மி ரிவால்வர்களில் ஏறத்தாழ 1,200ஐ அரசு கோல்ட் தொழிற்சாலைக்கு அனுப்பி ரிச்சர்ட்ஸ் முறையில் மாற்றிக்கொண்டது. இவற்றில் கேப் காலத்து எண் ஒன்று இருக்கும். மாற்றும்போது இட்ட, 'ஏ' என்ற எழுத்து சேர்ந்த வேறோர் எண்ணும் இருக்கும். இரண்டு எண்கள் இருப்பதைக் கண்டு கலப்படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இவற்றைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் இருப்பதுதான் முறை.

சிலிண்டரின் மேற்பரப்பில் உருளையால் பதித்த ஒரு கடற்போர்க் காட்சி இருக்கும். 1843 மே 16 அன்று காம்பெச்சே அருகே டெக்சஸ் கப்பல்களுக்கும் மெக்சிகோ கப்பல்களுக்கும் நடந்த மோதல் அது. ஓர்ம்ஸ்பி என்ற செதுக்கர் வரைந்தது. பாய்மரக் கயிறுகள் மங்கியிருப்பது இயல்பு. ஆனால் காட்சி மழுங்கி, அதே சமயம் சிலிண்டரின் பள்ளங்களின் ஓரங்கள் கூர்மையாக இருந்தால், அல்லது காட்சி கூர்மையாகவும் மற்றெல்லாப் பரப்பும் தேய்ந்தும் இருந்தால், எங்கோ ஏதோ பொருந்தவில்லை.

துரு சொல்லும் சாட்சி

எண்களைப் போலியாகப் பொறிக்கலாம். துருவை நம்பும்படி பொய்யாக்குவது கடினம். கேப்பில் இருந்த வேதிப்பொருள்களில் பொட்டாசியம் குளோரேட்டும் ஒன்று. அது வெடித்த பின் எஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி எஃகை அரிக்கும். எனவே கேப் துப்பாக்கியாகப் பல ஆண்டுகள் உழைத்த ஒன்றில் சுத்தியலின் முகத்திலும், சட்டகத்தின் பின்தடுப்பிலும், அம்மைத் தழும்புபோல நுண்குழிகள் இருக்கும். மாற்று வளையம் பின்தடுப்பை மூடிக்கொள்கிறது அல்லவா? அந்த வளையத்தைத் தகுதியுள்ள ஒருவர் கழற்றும் வாய்ப்புக் கிடைத்தால் அதன் அடியில் உள்ள பரப்பைப் பாருங்கள். அங்கே குழிகள் இருந்தால், துப்பாக்கி முதலில் கேப் வாழ்க்கை வாழ்ந்து பிறகு மாற்றப்பட்டது. அந்தப் பரப்பு வழவழப்பாக இருந்தால், தொழிற்சாலை தன் கையிருப்பில் இருந்த பயன்படாத உறுப்புகளைக் கொண்டு நேரடியாகவே தோட்டா ரிவால்வராக அதைக் கட்டியிருக்கலாம். ரிச்சர்ட்ஸ் வகையில் இரண்டு விதமும் உண்டு. எனவே குழி இல்லை என்பது மட்டுமே போலிக்குச் சான்று ஆகாது; ராணுவ முத்திரையும் 'ஏ' எண்ணும் இருந்து, பின்தடுப்பில் கேப் காலத்தின் சுவடே இல்லை என்றால்தான் ஐயப்பட வேண்டும்.

அதேபோல, சிலிண்டரின் வெட்டுமுகத்தைக் கவனியுங்கள். நிப்பிள் பகுதியை அறுத்த இடமும் மற்ற பரப்புகளும் ஒரே காலம் பழுத்தவையாக, ஒரே கரும்பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். வெட்டுமுகம் மட்டும் வெளிறி, சாய்வொளியில் இழைத்த கோடுகள் நேராகவும் சீராகவும் மின்னினால் அது அண்மைக் காலத்து எந்திர வேலை. செயற்கையாக நிறமேற்றிய பரப்பில் குழிகளின் அடியிலும் மேட்டிலும் ஒரே நிறம் படிந்திருக்கும். காலத்தால் பழுத்ததில் மேடு தேய்ந்து வெளுத்தும், பள்ளம் கறுத்தும் காணும். பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஆயிரம் முறை திறந்து மூடிய கதவு தன் விளிம்பு உரசிய இடத்தில் ஒரு வில்போன்ற தடத்தை விட்டிருக்கும். தடமே இல்லாத கதவு ஏறக்குறையப் பயன்படாத துப்பாக்கியில் இருக்கலாம். கைப்பிடி மரம் பளபளக்கத் தேய்ந்த துப்பாக்கியில் இருக்கக் கூடாது.

இத்தாலிய நகல்களை முதுமையாக்கி விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. உபெர்ட்டி, பியெட்டா போன்ற நிறுவனங்கள் இவற்றை நேர்மையாக நகல் என்றே விற்கின்றன. இடையில் வருபவர்கள்தான் முத்திரைகளை அரத்தால் நீக்கி, அமிலத்தில் ஊறவைத்துப் பழையதாக்குகிறார்கள். இத்தாலியின் கர்டோனே ஊரில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் சாலையின் முத்திரைகளும், நட்சத்திரத்தின் கீழ் 'பி', 'என்' எழுத்துகள் கொண்ட முத்திரையும், செய்த ஆண்டைக் குறிக்கும் சங்கேத எழுத்துகளும் சட்டகத்தில், குழலில், சிலிண்டரில் என்று பல இடங்களில் இருக்கும். அவை அழிக்கப்பட்ட இடத்தில் பரப்பு சற்றே குழிந்திருக்கும்; விரல் நுனியால் தடவினால் தெரியாது, ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை நிறுத்தி, எதிரே விளக்கை வைத்துப் பார்த்தால் அடியில் ஒளிக்கீற்று தெரியும். திருகுகளின் புரி மெட்ரிக் அளவில் இருந்தால் அந்தத் திருகாவது 1870ஐச் சேர்ந்தது அல்ல.

ஊர்க் கொல்லர்களின் வேலை

தொழிற்சாலை முத்திரை ஏதும் இல்லாமல், எந்தப் பட்டியலிலும் அடங்காமல் வரும் மாற்றுகளும் உண்டு. மேற்குப் பகுதிக் குடியேற்றங்களில் இருந்த கொல்லர்கள் ஒரு தகட்டை வெட்டி, பித்தளையால் பற்றவைத்து, வெளித்தள்ளியே இல்லாமல் மாற்றிக் கொடுத்தவை இவை. வேலை சில சமயம் அழகாகவும், பல சமயம் அச்சமூட்டும்படியும் இருக்கும். தொழிற்சாலை வகை அல்ல என்பதற்காக இவற்றைப் போலி என்று சொல்லக் கூடாது. தேய்மானம் சீராக இருந்து, பற்றவைத்த இடத்தின் பழுப்பு சுற்றியுள்ள உலோகத்தோடு ஒத்துப்போனால் அது அந்தக் காலத்து உண்மையான வேலைதான். என்னைப் பொறுத்தவரை, அச்சிட்டதுபோல ஒன்றாக இருக்கும் தொழிற்சாலைத் துப்பாக்கிகளைவிட இவற்றில் படிப்பதற்கு அதிகம் இருக்கிறது. சந்தை விலை அப்படி நினைப்பதில்லை.

சுடலாமா?

அசல் மாற்றுத் துப்பாக்கியைச் சுட வேண்டாம் என்பதே என் திட்டமான கருத்து. அந்தக் காலத்து இரும்பும் எஃகும் கறுப்பு வெடிமருந்தின் மெதுவான அழுத்தத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. புகையில்லா வெடிமருந்து நிரம்பிய இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அந்தச் சிலிண்டர்ச் சுவர் தாங்காது. கோல்டின் சட்டகத்துக்கு மேல்பட்டையும் இல்லை. குழலைப் பிடித்திருப்பது நடு அச்சும் ஓர் ஆப்பும் மட்டுமே. தோட்டா உள்ளே நுழைகிறது என்பதால் அது பொருந்துகிறது என்று ஆகிவிடாது. பழைய .44 கோல்ட் தோட்டாவின் குண்டு குப்பியின் வெளிச்சுற்று அளவே பருமன் கொண்டது. குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.451 அங்குலம். இன்றைய .44 தோட்டாக்களின் குண்டு ஏறத்தாழ 0.429 அங்குலம்தான். அதேபோல .36 என்று பெயர் கொண்ட நேவி மாதிரியின் குழல் உண்மையில் 0.375 அங்குலத்தை ஒட்டியது, இன்றைய.38 ஸ்பெஷலின் குண்டோ 0.357தான். பெயரில் உள்ள எண்ணை நம்பித் தோட்டா வாங்குவது இந்தத் துறையில் ஆபத்தான பழக்கம்.

மாற்றப்படாமல் தப்பிய அசல் கேப் ரிவால்வரை இன்று தோட்டாவுக்கு மாற்றுவதும் வேண்டாத வேலை. நிப்பிள்களுக்கு இடையே உள்ள சுவர்கள் துளைத்தபின் எவ்வளவு எஞ்சும் என்பதைக் கணிக்க, உள்ளே மறைந்திருக்கும் கசடும் விரிசலும் தெரிய வேண்டும். 1860களின் உலோகத்தில் அது வெளியே தெரியாது. வரலாற்றுப் பொருள் ஒன்று அழிவதும் மிச்சம். பழைய அனுபவம் வேண்டுவோருக்காக ரிச்சர்ட்ஸ்–மேசன், ஓப்பன் டாப் வகைகளின் புதிய நகல்கள் தொடக்கம் முதலே தோட்டா ரிவால்வராகச் சோதனைச் சாலை முத்திரையோடு விற்கப்படுகின்றன. அவை சட்டப்படி முழுமையான துப்பாக்கிகள், உரிம விதிகளும் அப்படியே பொருந்தும்.

சட்டம் பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கருதுகிறது. 1870களில் மாற்றப்பட்டவை அதில் அடங்கும். இன்றைய கேப் நகலுக்கும் அந்தச் சலுகை உண்டு; ஆனால் அதில் வழக்கமான தோட்டாவுக்கான சிலிண்டரைப் பொருத்தினால் அது நிற்காது. மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமையாக இருக்கலாம். மற்ற நாடுகளின் வரையறைகள் வேறு. வாங்கும் முன் அந்தந்த நாட்டு உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பதும் பதிவு செய்வதும்

கழற்ற வேண்டி வந்தால் திருகின் பிளவை முழுதும் நிரப்பும், இணையான முகங்கள் கொண்ட திருப்புளியையே பயன்படுத்துங்கள். வீட்டுத் திருப்புளியின் சரிவான முனை பிளவின் உதடுகளைக் கிழித்துவிடும், கிழிந்த திருகு துப்பாக்கியின் விலையையே குறைக்கும். கோல்டின் ஆப்பை, அதன் வில்நாக்கு தெரியும் மெலிந்த முனையிலிருந்து, மரக்கட்டையோ நைலான் துண்டோ இடையில் வைத்து மெல்லத் தட்ட வேண்டும். இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருங்கள்.

சிவந்து பொடியாக உதிரும் துரு மட்டுமே நீக்கத்தக்கது. மென்மையான எண்ணெயில் ஊறிய பருத்தித் துணியால், தேவையானால் கூர்மையற்ற வெண்கல நுனியால், அதை மட்டும் எடுங்கள். கரும்பழுப்பாக உறைந்துவிட்ட பரப்பு உலோகத்தின் காப்பு. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும், மறுபடி நீலமேற்றினாலும், மேலே சொன்ன சான்றுகள் அத்தனையும் போய்விடும். புளிக்காடி, உப்புத்தாள், எஃகுப் பஞ்சு எதுவும் வேண்டாம். பிறகு நுண்படிக மெழுகை மெலிதாகப் பூசி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். தோலுறைக்குள் வைக்காதீர்கள், பதனிட்ட தோலில் எஞ்சிய அமிலமும் ஈரமும் சேர்ந்து உறைக்குள்ளேயே அரிக்கும். வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு படியும், மறவாமல் துடைத்துவிடுங்கள்.

கடைசியாக, பார்த்தவற்றைப் பதிவு செய்யுங்கள். எல்லா எண்களையும் அவை இருக்கும் இடத்தோடு எழுதுங்கள். எண் இல்லாத இடத்தையும் குறியுங்கள். வளையத்தின் மேல்பக்கம், சிலிண்டரின் பின்முகம், கதவு உரசிய தடம், குழலின் அடிப்பகுதி ஆகியவற்றை ஒருபக்கச் சாய்வொளியில், அளவுகோல் ஒன்று கூடவே தெரியும்படி படம் எடுங்கள். கைமாறிய விவரமும் பழைய ரசீதும் கடிதமும் கிடைத்தால் படங்களோடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். துப்பாக்கி விற்கப்படும் நாளில் அந்தக் கோப்பும் அதனுடனேயே போக வேண்டும்.